முத்திரை உடையாத தினார்ப் பை

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. எகிப்தின் ஃபுஸ்தாத் நகரத் துணிக்கடைத் தெருவில் அவித்த மொச்சை வாங்க நின்றபோது காதில் விழுந்தது. பாதிதான் விழுந்தது, மீதிக்கு நானே பொறுப்பு.

முதல் தொடக்கம்: “நைல் நதி பொன்னாக ஒளிர்ந்த அந்த மாலையில்—” வேண்டாம். நைல் அன்று சேறாகத்தான் ஓடியது.

2

படகுக்காரர் முஃப்லிஹ், துணி வியாபாரி துர்ஃபாவைக் கட்டிக்கொள்ள மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரும் மஹர்ப் பையோடு வந்தார். இருபது தங்கத் தினார். பையின் வாயில் காசின் தரம் பார்க்கும் நோட்டக்காரரின் மெழுகு முத்திரை.

(குறிப்பு: எங்கள் ஊரில் பெரிய தொகை இப்படித்தான் கைமாறும். நோட்டக்காரர் நிறுத்துக் கட்டி முத்திரை வைத்துவிட்டால் அப்புறம் யாரும் பிரிப்பதில்லை. பிரித்தால் மறுபடி கூலி கொடுக்க வேண்டும். கொடுத்தவனை நம்பவில்லை என்று ஊரும் பேசும். இந்தப் பை மிளகு வாங்கியிருக்கிறது, கப்பல் வாடகை கட்டியிருக்கிறது. உள்ளே பார்த்தவர் எவருமில்லை.)

துர்ஃபாவின் அண்ணன் ஹைதரா கத்தியோடு உட்கார்ந்திருந்தார். அவரைக் கெட்டவராக எழுதத்தான் நினைத்தேன். தங்கை முதல் கல்யாணத்தில் பட்ட பாட்டைப் பார்த்த மனுஷன். வில்லன் வேஷம் பொருந்தவில்லை.

3

“உடைச்சுப் பாத்துடலாம் மாப்ள. சந்தேகமில்ல, சும்மா ஒரு திருப்திக்கு.”

“திருப்திக்குக் கத்தி எதுக்கு மச்சான்?”

முஃப்லிஹ் சிரித்தார். ஆனால் வேர்த்தது. அவரும் உள்ளே பார்த்ததில்லையே. ஒன்று குறைந்தாலும் கல்யாணம் நின்றுவிடும்.

“குடுங்க, நானே உடைக்கிறேன்” என்று கத்திக்குக் கை நீட்டினார்.

துர்ஃபா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“உடைச்சா காசு மிஞ்சும்ணே, மாப்பிள்ளை மிஞ்ச மாட்டாரு.”

“குறைஞ்சிருந்தா?”

“மொதல் கல்யாணத்துல காச ஒண்ணொண்ணா எண்ணிப் பாத்துத்தானே என்னைக் கட்டிவச்ச? என்னத்தக் கிழிச்சோம்?”

ஹைதரா அதே கத்தியால் ஒரு மாதுளம்பழத்தை அறுக்கத் தொடங்கினார்.

4

இனி முடிவு. இருபதும் சரியாக இருந்தன என்று எழுதினேன், சப்பென்று இருந்தது. ஒன்று செம்பு என்று எழுதினேன். ஹைதராவுக்கு மட்டும்தான் சந்தோஷம். மூன்றாவது முடிவு: “முத்திரை உடைந்தது. உள்ளே—”

பேனா அங்கேயே நின்றுவிட்டது. எனக்கும் அந்தப் பெண்மேல் பிரியம் வந்துவிட்டது, என்ன செய்ய? அவள் மடியில் வைத்துக் காத்ததை நான் கொல்லைப்புறமாகப் போய் உடைப்பதா?

அதனால் பையை அப்படியே உங்களிடம் தருகிறேன். கத்தியும் இதோ. உடைத்தால் நோட்டக்காரர் கூலி உங்கள் தலையில்; துர்ஃபாவுக்குப் பதிலும் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். கத்தியை மட்டும் துடைத்துக்கொள்ளுங்கள், மாதுளைச் சாறு ஒட்டியிருக்கிறது.