முன்பு குடியிருந்தவரின் கோப்புகள்

கெட்டுப்போன டிஸ்க்குகளிலிருந்து அழிந்த படங்களை மீட்டுக் கொடுப்பது அவள் தொழில். மீட்டதை வைக்க இடம் போதாமல், கொழுந்தன் வேலை பார்த்த கிளவுட் நிறுவனத்தில் ஒரு மெய்நிகர் கணினியை வாடகைக்கு எடுத்திருந்தாள். பெரிய கணினியைப் பல கூறு போட்டு, ஒவ்வொன்றையும் தனிக் கணினி போல வெவ்வேறு ஆட்களுக்கு விடுகிற நிறுவனம் அது. அங்கே பாதுகாப்புப் பிரிவின் தலைவன் கொழுந்தன். அவனுக்கும் அவளுக்கும் ஏற்கெனவே ஆகாது. விருந்தாளிகள் முன்னால் அவளை 'ரிப்பேர் கடை' என்று சொல்லிச் சிரிக்கிறவன்.

ஒருநாள் அங்கேயே கூடுதலாக ஒரு டிஸ்க் வாடகைக்கு எடுத்தாள். கைப்பழக்கத்தில், அந்தக் காலி டிஸ்க்கின் மேல் மீட்பு மென்பொருளை ஓட்டிப் பார்த்தாள். ஒன்றும் இருக்கக்கூடாத இடத்தில் கோப்புகள் வரிசை கட்டி வந்தன. யாரோ ஒரு மனநல மருத்துவர் தன் நோயாளிகளைப் பற்றி எழுதிய குறிப்புகள். மூன்று பக்கம் தாண்டிய பிறகுதான் எதைப் படிக்கிறோம் என்று உறைத்தது. சட்டென்று மூடினாள்.

கொழுந்தனுக்குப் போன் போட்டாள்.

"முன்னாடி வாடகைக்கு இருந்தவங்க காலி பண்ணதும் டிஸ்க்கைத் துடைச்சு அழிக்கிறதில்லையா நீங்க? ஒரு டாக்டரோட ஃபைல் பூரா எனக்குத் தெரியுது."

"அண்ணி, அடுத்தவங்க இடத்துல நுழைஞ்சுட்டு எங்க மேல பழி போடாதீங்க."

"நான் எங்கயும் நுழையல. நீங்க குடுத்த இடத்துலதான் இருக்கு."

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

அந்தக் கேள்வி அவளுக்குப் பிடிக்கவில்லை. போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை அவளுடைய கணக்கு முடக்கப்பட்டது. அத்துமீறி நுழைந்ததாக வக்கீல் நோட்டீஸும் வந்தது. வாடிக்கையாளர்களின் படங்கள் அத்தனையும் உள்ளே மாட்டிக்கொண்டன. கணவன் நோட்டீஸை இரண்டு முறை படித்துவிட்டு, "அவன் வேலைக்கு உலை வச்சிராதே" என்றான். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டு நேரே அந்த அலுவலகத்துக்குக் கிளம்பினாள்.

கண்ணாடி அறையில் இயக்குநர், வக்கீல், கொழுந்தன் மூவரும் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்குத் தண்ணீர்கூட வைக்கவில்லை.

"உங்க கம்ப்யூட்டர்ல, உங்க பேர்லயே புது டிஸ்க் எடுங்க. நான் கீபோர்டைத் தொட மாட்டேன்" என்றாள்.

இயக்குநர் அலட்சியமாகத் தலையாட்டினார். கொழுந்தன் ஒரு டிஸ்க் எடுத்து, அவள் சொன்ன மென்பொருளை ஓட்டினான். சுத்தமாக இருந்தது. வக்கீல் பேனாவை மூடினார். கொழுந்தன் உதட்டோரம் சிரிப்பு ஏறியது.

"இன்னொண்ணு எடு" என்றாள்.

அடுத்ததில் வந்துவிட்டது. யாரோ ஒரு பெண்ணின் விவாகரத்து மனு, கையெழுத்தோடு. வக்கீல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"துடைக்கிறதை நிறுத்தினது யாரு?" என்று இயக்குநர் கொழுந்தனைப் பார்த்துக் கேட்டார்.

"சார், புது டிஸ்க் குடுக்க லேட்டாகுதுன்னு நீங்கதானே நிறுத்தச் சொன்னீங்க."

"எழுத்துல இருக்கா?"

 துடைப்பதை நிறுத்திய உத்தரவில் இருந்தது கொழுந்தனின் கையெழுத்து மட்டும்தான். அன்று மாலைக்குள் அவனுடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். அவளுடைய கணக்கைத் திறந்து விட்டார்கள், நோட்டீஸைத் திரும்பப் பெற்றார்கள். வருத்தம் என்று ஒரு வார்த்தை இல்லை. வெளியே சொல்லக்கூடாது என்று ஒரு தாளை நீட்டினார்கள். அவள் கையெழுத்துப் போடவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் கொழுந்தன் வழிமறித்தான்.

"திருப்தியா அண்ணி?"

"என்னைத் திருடின்னு எழுதினப்ப உனக்குத் திருப்தியா இருந்துச்சா?"

அவன் நகரவில்லை. அவள்தான் சுற்றிக்கொண்டு போனாள். அதோடு இருவருக்கும் பேச்சு அறுந்தது. கணவனும் ஒரு வாரம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மருத்துவரின் கோப்புகளில் இருந்த போன் எண்ணுக்கு அழைத்தாள். மருத்துவரே எடுத்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொல்லி, எல்லாவற்றையும் அழித்துவிட்டதாகவும் சொன்னாள். நன்றி சொல்வார் என்று உள்ளூர எதிர்பார்த்திருந்தாள் போல.

"எத்தனை பக்கம் படிச்சீங்க?" என்று கேட்டார் மருத்துவர்.

"மூணு."

"எந்த நோயாளியோட பக்கம்?"

அவள் அந்தப் பெயரைச் சொன்னாள். "என்னைத் தவிர யாருக்கும் தெரியக்கூடாத பேரு அது" என்றார் மருத்துவர். பிறகு இணைப்பு துண்டிக்கப்பட்டது.