கல் உள்ளே போன ஞாயிறு

அன்று காலை எனக்கு நாரிப்பிடிப்பு, இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. கட்டிலை விட்டு எழும்பப் பத்து நிமிடம் எடுத்தது. சப்பாத்து நாடாவை என் மனைவி தங்கேஸ்வரிதான் குனிந்து கட்டிவிட்டாள்.

"இண்டைக்கு வரேலாது எண்டு சொல்லுங்கோவன்."

"சொன்னா நாளைக்கு வேற ஒருத்தன் என்ர வாளியோட நிப்பான்."

"நிக்கட்டும். வாளி என்ன, நான் சீதனமாக் கொண்டுவந்ததோ?"

அவளுக்குப் பகிடி. எனக்கு வயது ஐம்பத்து மூன்று. இத்தாலியில், பலெர்மோவில், பதினாலு வருடமாகக் கட்டட வேலை. கல் வைப்பேன், மட்டம் பார்ப்பேன், பூசுவேன். ஆனால் சம்பளத்தாளில் என் பெயருக்கு நேரே 'மனோவாலே' என்றுதான் இருந்தது. கையாள். கையாளுக்கு வேலை சுமப்பது. 'முராத்தோரே', அதாவது மேசன், அவனுக்கு வேலை வைப்பது. வைக்கிறவன் அறுபத்தைந்து வரைக்கும் தாக்குப்பிடிப்பான். சுமக்கிறவனுடைய நாரி ஐம்பத்தைந்தோடு சரி. எனக்கு மிஞ்சியிருந்தது இரண்டு வருடம். அதற்குள் அந்தத் தாளில் ஒரு சொல் மாறவேண்டும். மாறாவிட்டால் நான் படுக்கையில், தங்கேஸ்வரி இன்னும் இரண்டு சிஞ்ஞோராக்களின், இத்தாலிய எசமானிகளின், வீட்டுத் தரையைத் துடைக்கவேண்டும்.

வேலை பலெர்மோவின் பழைய பகுதியான கால்சாவில். கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றுக்குள் பாதி இடிந்து கிடந்த பழைய மாளிகையை ஒரு சீனத் துணிவியாபாரி வாங்கியிருந்தார். மேலே சின்ன ஹோட்டல், நடு முற்றத்தில் சீனத் தோட்டம். படம் கீறி மேற்பார்வை பார்க்கிறவனை இங்கே ஜெயோமெத்ரா என்பார்கள். எங்கள் ஜெயோமெத்ரா கீறின குளம் பாம்பு மாதிரி வளைந்து கிடந்தது. அதற்கு மேலே சிவப்புப் பாலம், வாசலில் இரண்டு சிங்கம். சீனச் சாப்பாட்டுக் கடைக் கலண்டரைப் பார்த்துக் கீறியிருந்தான். அந்தப் பாம்பில் பாதியை நானும் தவராசாவும் தோண்டி முடித்திருந்தோம். தவராசா என் ஊர்க்காரன், என்னைப்போலவே கையாள்.

நாரிப்பிடிப்பு வந்த அதே நாள்தான் லியூங் அம்மா வந்து இறங்கினார். சீனாவின் தெற்கே, குவாங்டொங் பக்கத்தில், தோட்டத்துக்குக் கல் நிறுத்துகிறவர். அறுபது வயது, என் தோளளவு உயரம், காலில் ஆம்பிளைகளின் வேலைச் சப்பாத்து. நானும் தவராசாவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம்.

அவர் ஜெயோமெத்ராவின் படத்தை விரித்துப் பார்த்தார். பிறகு நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த கதிரையின் ஒரு காலுக்குக் கீழே வைத்தார். கதிரை ஆட்டம் நின்றது. அதில் இருந்துகொண்டு கதைக்கத் தொடங்கினார். வியாபாரியின் மகள் மெய்லின் பலெர்மோவில் பிறந்தவள். அவள்தான் இத்தாலியனில் சொன்னாள்.

"வடக்கில் இருக்கிறது ராசாக்களின் தோட்டமாம். மலையையும் ஏரியையும் உள்ளுக்கை கொண்டுவந்து வைப்பினம். சூச்சோவ் பக்கத்தில் படிச்ச ஆக்களின் தோட்டம். வெள்ளைச் சுவர், கறுப்பு ஓடு, வளைஞ்ச பாதை. ஒண்டை மறைச்சு ஒண்டைக் காட்டுவினம். இந்தப் படம் அந்த ரெண்டையும் பிசைஞ்சு வைச்சிருக்காம். தன்ர ஊர்த் தோட்டம் ரெண்டும் இல்லையாம்."

"அப்ப என்னவாம்?" என்று ஜெயோமெத்ரா கேட்டான்.

"வெயில் ஊராம். குளம் பெட்டி மாதிரி நேராய் இருக்குமாம். அதைச் சுத்தி வீடு நெருக்கிக்கொண்டு நிக்குமாம். தண்ணியில படுற காத்து நேர வீட்டுக்குள்ள போகவேணும். மேற்குச் சுவரில கல்லை அடுக்கினா பின்னேர வெயில் உள்ள வராது. யன்னலுக்கு நிறக் கண்ணாடி, வெளிச்சம் கண்ணைக் குத்தாமல். நிழலுக்குப் பழமரம். வாழை எண்டாலும் சரியாம்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. இது அழகுக்கு மட்டும் கட்டினது இல்லை, வெயிலோடு மல்லுக்கட்டினவன் கட்டினது. ஆபிரிக்காவிலிருந்து நெருப்புக் காற்று வீசுகிற பலெர்மோவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? எங்கள் கோயில் கேணியும் நேர்க்கோடுதான்.

"நேர்க்கோடு எண்டா நாங்கள் ரெண்டு நாளில தோண்டுவம்," என்று சொன்னேன். மெய்லின் மொழிபெயர்க்க முன்னமே லியூங் அம்மா என் கை மண்வெட்டியைக் காட்டித் தலையாட்டினார்.

இரண்டு நாள் என்று சொன்னது மூன்று நாளானது. பாம்பு பெட்டியானது.

நாலாம் நாள், வியாழக்கிழமை, கல் வந்தது. துறைமுகத்திலிருந்து லொறியில். இரண்டு தொன், ஆள் உயரத்துக்கு மேலே ஒரு முழம். கறுப்பில் சாம்பல் கலந்து, முகமெல்லாம் சுருக்கம், இடையிடையே ஓட்டை. தலை பெரிது, கால் சின்னது. லியூங் அம்மா லொறியில் ஏறி, கட்டியிருந்த வார்களை இளக்கி, சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். கல் மணி மாதிரி கேட்டது. தெருவால் போன மீன்காரன் நின்று பார்த்தான்.

"வெடிப்பு இருந்தா சத்தம் செத்துப்போகுமாம்," என்றாள் மெய்லின்.

பிரச்சினை ஒழுங்கை. அகலம் இரண்டரை மீற்றர் இல்லை. நடுவில் ஒரு முடக்கு, சட்டென்று மடங்குகிற வளைவு; முடக்கு தாண்டினால் கடல் பக்கம் சரிவு, சரிவின் அடியில் எங்கள் வாசல். கிரேன் நுழையாது. போர்க்லிஃப்ட் நுழைந்தால் முடக்கில் திரும்பாது. கூரைக்கு மேலால் இறக்குவதற்குப் பக்கத்துப் பழைய கூரைகளை நம்பி ஒருவரும் கையெழுத்து வைக்கவில்லை.

"ரெண்டாய் வெட்டுவம்," என்றான் ஜெயோமெத்ரா. "உள்ளுக்குக் கம்பி வைச்சு ஒட்டினா ஒருத்தருக்கும் தெரியாது."

லியூங் அம்மா ஒரு சொல்தான் சொன்னார். மெய்லின் அதை மொழிபெயர்க்கவில்லை.

நான் வாயைத் திறந்தேன். "நான் முழுசாக் கொண்டு போறன்."

"நீயோ? எதால?"

"ஆக்களால."

அவன் சிரித்தான். "திங்கக்கிழமை வெட்டுற மெசின் வருது. அதுக்குள்ள நீ முழுசா நிறுத்தினா உன்னை முராத்தோரே எண்டு எழுதுறன். உடைஞ்சுதெண்டா நீ திங்கக்கிழமை வரவேண்டாம். இன்னொரு இடத்திலயும் நான் உன்னை எடுக்கமாட்டன்."

"ஓம்," என்றேன். வீட்டுக்குப் போய்த் தங்கேஸ்வரியிடம் விசயத்தைச் சொன்னேன்.

"விசரா உங்களுக்கு?" என்றாள் தங்கேஸ்வரி. ஆனால் அடுத்த நிமிடம் தொலைபேசியில் இருந்தாள். "அக்கா, ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யிறியள்? தேர் ஒண்டு இழுக்கவேணும். ஓம், இஞ்சைதான். இல்லை, சாமி இல்லை. கல்லு."

ஞாயிறு காலை எட்டு மணிக்கு இருபத்திரண்டு பேர் வந்து நின்றார்கள். வீட்டு வேலை செய்கிற பெண்களுக்கும் கோப்பை கழுவுகிற ஆம்பிளைகளுக்கும் அந்த ஒரு நாள்தான் லீவு. கூலி இல்லை. ஊரில் அருவி வெட்டுக்கு, நெல் அறுக்க, போன முறைதான்: இன்றைக்கு நீ எனக்கு ஒரு நாள் வேலை, பிறகு நான் உனக்கு ஒரு நாள் வேலை. ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன்கடைக் குசினியில் வேலை செய்கிற விமலராஜ், முதலாளியின் படகேற்றும் வண்டிலைக் கொண்டுவந்திருந்தான். நாலு இரும்புச் சில்லு, தாழ்ந்த சட்டம். கல்லை வைக்கோலும் பழைய ரயரும் போட்டு அதில் படுக்கவைத்துக் கட்டினோம்.

வண்டிலுக்குத் திருப்பம் கிடையாது. எங்கள் தேருக்கும் கிடையாது. தேரைத் திருப்புகிறது கயிறு இல்லை, சில்லுக்குக் கீழே கொடுக்கிற சறுக்குக்கட்டை. ஒரு பக்கம் கட்டையைக் கொடுத்து மற்றப் பக்கத்தை விட்டால் தேர் தானாகத் திரும்பும். தவராசா ஊர்த் தேருக்கு இருபது வருடம் கட்டை போட்டவன். ஒலிவ் மரத்தில் நாலு கட்டை செதுக்கிக்கொண்டு வந்திருந்தான்.

"கையைப் பார்த்துப் போடு," என்றேன்.

"நீ வாயைப் பார்த்துக் கதை, மச்சான். இந்தக் கை தேருக்கே பயப்படேல்லை."

முன் கயிற்றில் பன்னிரண்டு பேர். பின்னுக்கு இழுத்துப் பிடிக்க எட்டுப் பேர். கட்டைக்குத் தவராசாவும் விமலராஜும். நான் முன்னால் நின்று ஒன்றை மட்டும் திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

"ஒருத்தரும் அரோகரா சொல்லக்கூடாது."

"வாயைக் கட்டிக்கொண்டு எப்பிடித் தம்பி தேர் இழுக்கிறது?" என்றார் முன் கயிற்றில் நின்ற குகனேஸ்வரி அக்கா.

"தேர் இல்லை அக்கா. அந்தச் சொல்லுக் கேட்டா எங்கட ஆக்கள் கண்ணை மூடிக்கொண்டு இழுப்பினம். முடக்கு தாண்டினாச் சரிவு. அங்கை இழுக்கிறதில்லை, பின்னால பிடிச்சுப் பிடிச்சு விடுறது."

முடக்குவரை நாற்பது நிமிடம். பழைய கல் பதித்த தரை, சில்லு ஒவ்வொரு கல் இடுக்கிலும் இறங்கி ஏறியது. தவராசா முழங்காலில் நின்று இடப்பக்கம் கட்டையைக் கொடுத்தான். "இழு... போதும்... இழு." வண்டில் சாண் சாணாகத் திரும்பியது. பல்கனிகளில் சனம் கோப்பியோடு நின்று பார்த்தது. ஒரு கிழவி மேலேயிருந்து, "யாரைப் புதைக்கப் போறியள்?" என்று கேட்டாள். "ஜெயோமெத்ராவை," என்றான் தவராசா. பல்கனி முழுக்கச் சிரிப்பு.

வண்டிலின் பின் சில்லும் முடக்கைத் தாண்டியது. ஒரு கீறல் இல்லை. எல்லோருக்கும் மூச்சு வந்தது. அந்தச் சந்தோசத்தில், முழுக்க மறந்துபோய், குகனேஸ்வரி அக்கா இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

"அரோகரா!"

முன் கயிற்றில் நின்ற மற்றவர்கள் எல்லோரும் இழுத்தார்கள். அவர்களில் பிழையில்லை. பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லுக்குப் பழகின கைகள். நான் "விடு!" என்று கத்தியது ஒருவருக்கும் கேட்கவில்லை. வண்டில் சரிவில் இறங்கியது. பின் கயிற்றில் நின்ற எட்டுப் பேரின் கையையும் கயிறு உரித்துக்கொண்டு ஓடியது.

அதுவரை ஒதுங்கி நின்ற லியூங் அம்மா ஓடிவந்து கயிற்றின் வாலைப் பிடித்தார். பிடித்து நிற்கவில்லை, அது முட்டாள்தனம் என்று அவருக்குத் தெரியும். வண்டில்கள் சுவரில் உரசாமல் முடக்கு மூலையில் அந்தக் காலத்தில் நட்டுவைத்த கல்லொன்று இருந்தது. கயிற்றை அதில் ஒரு சுற்று, இரண்டாம் சுற்று. கயிறு அவர் கைக்குள் புகைந்தது. இறுகியது. அந்த ஒரு நொடி போதும், தவராசா இரண்டு சில்லுக்கும் கட்டையைக் கொடுத்துவிட்டான். வண்டில் துள்ளி நின்றது. கல்லின் தலை பக்கச் சுவரில் இடித்தது.

"டொக்."

அந்தச் சத்தம் என் நாரிக்குள் இறங்கியது.

குகனேஸ்வரி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். லியூங் அம்மாவின் இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை. தங்கேஸ்வரி தண்ணீர் ஊற்றித் தன் சால்வையைக் கிழித்துக் கட்டினாள். நான் கல்லைத் தட்டிப் பார்க்கச் சொல்லிக் கேட்டேன். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"வைக்கோலில கிடக்கிற கல்லுக் கதைக்காதாம்," என்றாள் மெய்லின். "நிமித்தினாத்தான் தெரியுமாம்."

மிச்சத் தூரத்தை ஒரு சொல் இல்லாமல் இறக்கினோம். இருபத்திரண்டு தமிழர் ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் நின்றதை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

முற்றத்தில் முக்காலி நட்டு, செயின் புளொக்கால் கல்லைத் தூக்கினோம். இனி என் வேலை. குளத்தின் மூலையில், அடிக்கல்லில், நானே குடைந்து வைத்திருந்த குழிக்குள் அந்தச் சின்னக் கால் இறங்கவேண்டும். பெருந்தலைக் கல் சின்னக் காலில் நிற்பது எல்லாம் உள்ளே கொடுக்கிற சின்ன ஆப்புக் கல்லில்தான் இருக்கிறது. லியூங் அம்மா கட்டுப்போட்ட கையால் திசை காட்டினார். இடம், இன்னும் இடம், ஒரு விரல் பின்னுக்கு. மேற்கு வெயில் சுருக்கங்களில் விழுந்து நிழல் குளத்துக்கு வந்தபோது கையை இறக்கினார். நான் ஆப்புக் கல்லை ஒவ்வொன்றாக அடித்தேன். சுண்ணாம்புச் சாந்தால் அடைத்து, பக்கத்துக்கு இரண்டு முண்டு கொடுத்தேன். பிறகு செயினை இளக்கச் சொன்னேன்.

கல் நின்றது. மயிரளவும் அசையவில்லை.

நாலு மணி. ஜெயோமெத்ரா ஞாயிற்றுச் சாப்பாடு முடிந்து, பல்லைக் குத்திக்கொண்டு வந்தான். சுவரில் இடித்த இடத்தைத் தடவிப் பார்த்தான். "இதில அடிபட்டிருக்கு," என்றான். அவனுக்குச் சந்தோசம்.

லியூங் அம்மா சுத்தியலை எடுத்தார். அவர் கையால் அதைப் பிடிக்க முடியவில்லை. என்னிடம் நீட்டினார்.

பதினாலு வருடத்தில் எத்தனையோ கல்லில் அடித்திருக்கிறேன். இப்படிப் பயந்து அடித்ததில்லை. தலைக்குக் கீழே, இடித்த பக்கத்தில், ஒரு தட்டு.

மணி. சுத்தமான மணி. நாலு சுவரிலும் பட்டு, தண்ணீர் இல்லாத குளத்துக்குள் இறங்கி, திரும்பி மேலே வந்தது. தவராசா கையிலிருந்த கட்டையை எறிந்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தான். லியூங் அம்மா குகனேஸ்வரி அக்காவைப் பார்த்து, முகத்தில் சிரிப்போடு, வாயைத் திறந்து காட்டினார். இப்போது சொல்லலாம் என்று.

"அரோகரா!"

இருபத்திரண்டு பேரும் கத்தினார்கள். மெய்லினும் கத்தினாள். பல்கனிக் கிழவியும் ஏதோ கத்தினாள்.

சத்தம் அடங்கினதும் ஜெயோமெத்ரா, "சரி சரி. நாளைக்கு ஒபிசுக்கு வா," என்றான்.

"நாளைக்கு இல்லை. இப்ப எழுது."

"பேப்பர் இல்லையே."

நான் குனிந்தேன். நாரி கத்தியது, கத்தட்டும் என்று விட்டேன். கதிரையின் காலுக்குக் கீழே இருந்த படத்தை இழுத்து அவனிடம் கொடுத்தேன். பாம்புக் குளத்தின் பின்பக்கத்தில் எழுதினான்: கதிரேசு, முராத்தோரே, அடுத்த முதலாம் திகதியிலிருந்து. கையெழுத்தும் வைத்தான்.

அந்தச் சொல் இப்போது என் சம்பளத்தாளில் இருக்கிறது. வாளியை வேறு ஆள் தூக்குகிறான். குளத்தில் தண்ணீர் விட்டாயிற்று. நெருப்புக் காற்று வீசுகிற நாளிலும் அந்த முற்றத்தில் நின்றால் முகத்தில் குளிர் படும்.

வந்த இருபத்திரண்டு பேருக்கும் அவரவர் நாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். விமலராஜுக்காக ஒரு ஞாயிறு முழுக்க மீன் செதில் உரித்தேன். குகனேஸ்வரி அக்காவின் குசினிக்கு வெள்ளை அடித்தேன். தங்கேஸ்வரி தன் நாளையும் விடாமல் கேட்டு வாங்கினாள். காலைத் தேத்தண்ணியிலிருந்து இரவுக் கோப்பை கழுவுகிறது வரைக்கும் நான்தான்.

லியூங் அம்மா ஆறாத கையோடுதான் விமானம் ஏறினார். எங்கள் முறையை மெய்லின் அவருக்குச் சொல்லியிருந்தாள். தன் வீட்டு முற்றத்துச் சுவர் ஒன்று விழுந்து கிடக்கிறது, அதற்கு வா என்று சொல்லிவிட்டுப் போனார். கயிற்றைப் பிடித்த எல்லோருக்கும் கொடுத்தாயிற்று. அவருக்கு மட்டும் ஒரு நாள் வேலை இன்னும் கடன்.