அன்பழகன் அட் சுமலதா

என் புருஷன் பெயரும் இன்னொருத்தி பெயரும் ஒட்டி நிற்பதை நான் என் கண்ணால் பார்த்தேன். யாரும் சொல்லிக் கேட்டதல்ல. தட்டாஞ்சாவடியில் அவர் வேலை பார்க்கிற பாட்டில் மூடிக் கம்பெனியில், கம்ப்யூட்டர் திரையில், இங்கிலீஷில் பார்த்தேன். பி.காம். படித்துத் தொலைத்திருக்கிறேனே! எழுத்துத் தெரியாதவளாக இருந்திருந்தால் நிம்மதியாக வீடு திரும்பியிருப்பேன்.

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அன்றைக்குச் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போய்விட்டார். பெரிய மார்க்கெட்டில் மீன்காரியோடு சண்டை போட்டு வாங்கிய வஞ்சிரம் வீணாகப் போகிறதே என்று டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மனுஷன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அங்க வையி" என்றார். அவ்வளவுதான்.

வாசலில் மூடி ஏற்றிய லாரி நின்றது. பில் அடித்தால்தான் கிளம்பும். பில் கணக்கெல்லாம் மூலையில் இருக்கிற பெரிய கம்ப்யூட்டரில், சர்வர் என்கிறார்களே, அதில் இருக்கிறது. அதில் ஓடுவது மைஎஸ்க்யூஎல், கணக்கையெல்லாம் சேர்த்து வைக்கிற சாஃப்ட்வேர். இலவசமாகக் கிடைக்கிறது, நம்பிப் போடலாம் என்று முதலாளியிடம் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்து இவரே போட்டது. அந்தச் சர்வர் இன்று இவரையே உள்ளே விடமாட்டேன் என்கிறது.

மேனேஜர் கிருஷ்ணசாமி வந்து கத்தினார். "இன்னாய்யா அன்பழகா, லாரிக்காரன் லோடை எறக்கிப் போட்டுட்டுப் போறேன்றான். இன்னைக்கு பில்லு வரலன்னா கம்ப்யூட்டரும் வேணாம், அதைக் கட்டிக்கினு அழுவற ஆளும் வேணாம்னுட்டாரு மொதலாளி."

இவர் முகம் செத்துப்போயிற்று. ஒயரைப் பிடுங்கிச் செருகினார். சர்வரை அணைத்துப் போட்டார். "இருக்கியான்னு கேட்டா இருக்கேன்னு பதில் வருது. பாஸ்வேர்டும் சரியாத்தான் இருக்குது. அப்புறம் இன்னா எழவு இது?" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் அதே வரிதான் வந்தது. 'ஆக்சஸ் டினைடு' என்ற இரண்டு வார்த்தையைப் படித்ததுமே தலையில் அடித்துக்கொண்டு வரியை மூடிவிடுவார்.

எனக்குப் பாவமாக இருந்தது. தோளில் கை வைக்கலாம் என்று பின்னால் போய் நின்றேன். வரி மறுபடியும் வந்தது. நான் கடைசி வரைக்கும் படித்தேன்.

அனுமதி மறுக்கப்பட்டது, யாருக்கு? 'அன்பழகன்' அட் 'சுமலதா'. நடுவில் ஈமெயிலில் போடுகிற அந்த 'அட்' குறி.

தோளில் வைக்கப் போன கையை இழுத்துக்கொண்டேன்.

"யாருங்க சுமலதா?"

"இன்னாது?"

"உங்க பேருக்குப் பக்கத்துல ஒட்டிக்கினு நிக்கிறாளே, அவ யாருன்னு கேக்கறேன்."

அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் திரையைப் பார்த்தார். அப்புறம் "அய்யோ!" என்று ஒரு கூச்சல் போட்டார். மாட்டிக்கொண்டவன் போடுகிற கூச்சலென்று நினைத்தேன். இல்லை. மனுஷனுக்குச் சந்தோஷம்!

"என் மெஷின் நேத்து பொகைஞ்சு போச்சுல்ல, அதான் இதுல உக்காந்தேன். இது சுமலதாவோட மெஷின். சர்வர்ல இதுக்குப் பேரே சுமலதா. என் பேர்ல வேற எவனும் நுழையக் கூடாதுன்னு, அன்பழகன் வந்தா அன்பழகன் மெஷின்ல இருந்துதான் வரணும்னு நான்தான் பூட்டு போட்டேன். எனக்கே மறந்துபோச்சு பாரு!"

"சரி, அந்தப் பொண்ணு எங்க?"

"அவளா? பிரான்ஸ் மாப்ள கெடைச்சு பாரிசுக்குப் போயி ரெண்டு வருஷமாச்சு. நல்ல பொண்ணு. கீபோர்டைப் பாக்காமலே அடிப்பா."

நான் கேட்டேனா? அவள் எப்படி அடிப்பாள் என்று நான் கேட்டேனா?

"போனவ பேரை இன்னும் எதுக்கு வெச்சிருக்கீங்க?"

"மாத்தணும்னு தோணல."

தோணலையாம்! சுமலதா. பேரைப் பாரேன், சினிமாக்காரி மாதிரி. எனக்கோ அப்பாவைப் பெற்றவள் பெயரைத் தூக்கி வைத்துச் செல்வாம்பாள் ஆக்கிவிட்டார்கள்.

"ஒரே வரிதான். அன்பழகன் அட் சுமலதாக்குப் பர்மிஷன்னு அடிச்சா முடிஞ்சுது" என்று சர்வர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"அடிங்க பாக்கலாம்! என் கண்ணெதிர்லயே பர்மிஷன் கொடுப்பீங்களா? அந்த விரலை ஒடச்சிடுவேன்."

கிருஷ்ணசாமி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். போகட்டும், எனக்கென்ன வெட்கம்?

"அப்ப இன்னாதான் பண்ணச் சொல்ற?"

"அவ பேரை எடுங்க."

பெருமூச்சு விட்டார். எந்தக் கம்ப்யூட்டருக்கு என்ன பெயர் என்று சர்வரில் எழுதி வைத்திருந்த இடத்தைத் திறந்தார். "பேரை மாத்தினா மட்டும் பத்தாது. பழைய பேரையே ஞாபகம் வெச்சிருக்கும். ஃப்ளஷ் பண்ணாத்தான் மறக்கும்."

"அதுக்கு ஃப்ளஷ் பண்ணிடலாம். உங்களுக்கு?"

சுமலதா ஒவ்வொரு எழுத்தாக அழிந்தாள். காலி இடத்தில் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. எழுதுங்கள், எழுதுங்கள் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே குனிந்து பார்த்தேன். வேறு யார் பெயர் வரும்? கேட்டது நான். வந்து நிற்பதும் நான்.

'அன்பழகன்' என்று அடித்தார்.

ஃப்ளஷ் பண்ணினார். இந்தப் பக்கம் ஓடி வந்து பாஸ்வேர்டைப் போட்டார். திறந்துகொண்டது! பில் மிஷின் கரகரவென்று அடிக்க ஆரம்பித்தது. "உள்ள போயிடுச்சு சார்!" என்று வாசலைப் பார்த்துக் கத்தினார். அன்பழகனும் அன்பழகனும் சேர்ந்துகொண்டார்கள்.

லாரி கிளம்பியது. கேரியரைத் திறந்து, "வஞ்சிரமா!" என்று முகமெல்லாம் பல்லாகச் சாப்பிட உட்கார்ந்தார்.

"ஏங்க, அந்த எடத்துல என் பேரைப் போட்டிருந்தா இன்னா?"

வாயில் சோறு. "உன் பேரு ரொம்ப நீளம்டி."

காலிக் கேரியரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் உட்கார்ந்து, இங்கிலீஷ் எழுத்தில் விரல் விட்டு எண்ணினேன். சுமலதா ஒன்பது. செல்வாம்பாள் ஒன்பது. அன்பழகன் பத்து.