பெலகேயா வாசித்த பக்கம்

மாஸ்கோவிலிருந்து கட்சி அனுப்பும் பெண்கள் பத்திரிகை எங்கள் ஜரேச்யே கிராமத்துக்கு வந்தால், பாதிரியாரைத் திட்டும் பக்கங்களைத் தள்ளிவிட்டுச் சட்டை வெட்டும் படத்தைத்தான் பெண்கள் முதலில் கேட்பார்கள். கிளப் கூடத்தில் அதை வாசித்துக் காட்டும் உஸ்தீன்யாவா விடுவாள்? கடவுள் இல்லை என்பதை முழுக்க வாசித்து முடித்த பிறகுதான் சட்டை. பெண்களும் சணல் நூற்றுக்கொண்டே கடவுள் இல்லாமல் போவதைப் பொறுமையாகக் கேட்பார்கள்.

அந்த ஞாயிறு மதியம் தபால் வண்டி பனியில் தாமதமாகி வந்தது. எப்போதும் முதலில் தனியாக ஒருமுறை படித்துக்கொள்ளும் உஸ்தீன்யா, அன்று பெண்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்துவிட்டதால் அப்படியே பிரித்தாள்.

முன்வரிசையில் அவள் அக்கா பெலகேயா. கிறிஸ்துமஸ் கழிந்து அக்காவின் கைக்குழந்தை யேகோர் செத்துப்போயிருந்தான். ஞானஸ்நானம் கொடுத்த அன்று கோயிலில் விறகில்லை, குழந்தையை முக்கும் தொட்டித் தண்ணீர் ஐஸாக இருந்தது. பெற்று நாற்பது நாள் ஆகாத தாய் உள்ளே போகக்கூடாது என்பதால் அக்கா வாசலிலேயே நின்றாள். அந்த வாரமே குழந்தை போய்விட்டது. அடக்கம் முடிந்து வந்து, தங்கையின் மடியில் விழுந்து அழுதாள்: "அவன் கத்தினது வெளியில கேட்டுச்சுடி. நான் ஓடிப்போய்த் தூக்கல."

உஸ்தீன்யா அதைப் பத்திரிகைக்கு எழுதினாள். வேறு பிள்ளைகளாவது பிழைக்கட்டுமே என்ற நல்ல எண்ணம்தான். பெயரும் ஊரும் இல்லாத கடிதத்தைப் பத்திரிகைக்காரர்கள் நம்பமாட்டார்கள் என்று அதையும் எழுதி, அச்சில் போடாதீர்கள் என்று அடியில் கெஞ்சியிருந்தாள். ஒன்றை மட்டும் எழுதவில்லை. அந்த மாதம் ஊரெல்லாம் தொண்டை அடைப்பான் நோய். கிளப் தலைவர் வீட்டுக் குழந்தை கோயில் பக்கமே போகாதது, அதுவும் அதில்தான் செத்தது. அதை எழுதினால் கடிதம் நொண்டும் என்று விட்டுவிட்டாள்.

"'பிள்ளையைக் கொன்ற தொட்டி'" என்று கணீரென்று தலைப்பை வாசித்தவளின் கண் அடுத்த வரியில் விழுந்தது. தாளைச் சட்டென்று தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள். பிறகு ஏதோ தொட்டி கழுவும் முறை, முட்டைக்கோஸ் ஊறப்போடும் பக்குவம் என்று வாய்க்கு வந்ததை அடித்துவிட்டாள்.

"ஏண்டி, கொலையில ஆரம்பிச்சு ஊறுகாய்ல கொண்டுவந்து விடுறியே! உங்க மாஸ்கோக்காரங்க குடிச்சுட்டா எழுதுறாங்க?" என்றாள் வாயாடி மத்ரியோனா. எல்லோரும் சிரித்தார்கள்.

"எழுத்து மங்கலா இருக்கு" என்றாள் உஸ்தீன்யா.

"கொண்டா, நான் பார்க்கிறேன்" என்று அக்கா கை நீட்டினாள். பிள்ளை போன துக்கத்தை மறக்கட்டும் என்று தங்கைதான் அவளை எழுத்து வகுப்பில் சேர்த்திருந்தாள். "இன்னைக்கு என்னால முடியும்டி."

"வேண்டாம்கா."

"பொறாமையைப் பாரு! படிக்கட்டும் விடேன்" என்று மத்ரியோனா பத்திரிகையைப் பிடுங்கிக் கொடுத்தாள்.

அக்கா விரலை வைத்து எழுத்து எழுத்தாகக் கூட்டினாள். "பெ... ல... கே... யா. அட, என் பேருக்காரி ஒருத்தி!" முகமெல்லாம் மலர்ந்தது. பெண்கள் கைதட்டினார்கள். "ஜ... ரே... ச்... யே." அப்போதுதான் சிரிப்பு நின்றது. ஆனாலும் விரல் நிற்கவில்லை. "'அவன்... கத்தினான். நான்... போய்த்... தூக்கவில்லை'... என்று... ஒப்புக்... கொண்டாள்... இந்த... மூடத்... தாய்."

ராட்டினங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

"உன்கிட்ட மட்டும்தானேடி சொன்னேன்" என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை. இரண்டு அறை விட்டிருந்தால்கூட உஸ்தீன்யா தாங்கியிருப்பாள்.

"பொய்க்கா! அத்தனையும் பொய்! தண்ணியால சாகல, தொண்டை அடைப்பான்ல போனான். எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் அப்படி எழுதினேன்." ஊர்ப் பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் அவள் மண்டியிட்டு அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். இனி அந்தக் கூடத்தில் அவள் எதை வாசித்தாலும் யார் நம்புவார்கள்? அதைப் பற்றி இப்போது அவளுக்குக் கவலையில்லை. அக்கா நம்பினால் போதும்.

அக்கா அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். "அச்சுல வர்றது பொய்யா இருக்காதுன்னு நீதானே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தே. இப்போ என் மேல இருக்கிற பாசத்துல மாத்திச் சொல்றே."

"இல்லக்கா! சத்தியமா!"

"யார் மேல சத்தியம் பண்ணுவே, உஸ்தியா? அவர்தான் இல்லைன்னுட்டியே."

அக்கா மறுபடி பக்கத்தின் மேல் குனிந்தாள். முடிந்த இடத்துக்குக் கீழேயும் விரலை ஓட்டிப் பார்த்தாள், தாளைத் திருப்பிப் பின்பக்கமும் தேடினாள். பிறகு நிமிர்ந்து, தெரியாததைக் கேட்கும் மாணவி போலக் கேட்டாள்:

"அவன் என்னைத் தேடித்தான் கத்தினானான்னு இதுல எங்கேடி போட்டிருக்கு?"