நாகேந்திரனுக்கு வராத ரிப்போர்ட்

நாகேந்திரன் லேப்டாப் திரையில் மறுபடியும் தப்பான இடத்தில்தான் இணைப்புக் கோடு இழுத்தார். விற்பனை அட்டவணையையும் செலவு அட்டவணையையும் தேதியை வைத்து இணைக்க வேண்டும். அவர் மில் யூனிட்டின் பெயரை வைத்து இணைத்தார். புரொஜக்டர் வெளிச்சத்தில், ஒரு மாத நூல் விற்பனை பல மடங்காக வீங்கிச் சுவரில் நின்றது.

"இம்புட்டு வித்தா நம்ம மொதலாளி மதுரையவே வெலைக்கு வாங்கிப்புடுவாருய்யா," என்றார் சேவுகப்பெருமாள். கணக்குப் பிரிவில் மூத்தவர், தை மாதம் ஓய்வு பெறுகிறவர். சாஃப்ட்வேர் காட்டும் எந்தக் கூட்டுத்தொகையையும் கால்குலேட்டரில் ஒரு முறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார்.

பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த ராஜப்ரியா சிரிக்கவில்லை. அந்தக் கோவிலூர் ரோட்டு மில்லில், எல்லா யூனிட்டின் வரவு செலவையும் ஒரே திரையில் படங்களாக விரிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். கல்யாணத்துக்கு முன்பு ஆசை ஆசையாகக் கற்றுக்கொண்டது. அதுவே அவளைக் கட்டிப்போட்டுவிட்டது. மாதக் கடைசியில் முதலாளி கேட்கக் கேட்க, பக்கத்தில் உட்கார்ந்து தட்டிக் காட்ட ஒரு ஆள் வேண்டுமாம். "நாகேந்திரன் தனியா ரிப்போர்ட் எடுத்துக் காட்டட்டும், அன்னைக்கே ஒனக்குக் கோயம்புத்தூர் யூனிட்டுக்கு மாத்தல் ஆர்டர்," என்று ஜி.எம். சொக்கலிங்கம் சொல்லியிருந்தார்.

கோயம்புத்தூரில் கணவன் கண்ணன் இருந்தான். எல்.கே.ஜி. படிக்கும் மகள் இருந்தாள். ராஜப்ரியா நாட்டரசன்கோட்டையில் அம்மா வீட்டில் தங்கி மில்லுக்கு வந்து போனாள். முன்பெல்லாம் வீடியோ காலில் மகள் அழுவாள். இப்போது இரண்டு வார்த்தை பேசிவிட்டு, போனைக் கட்டிலில் மல்லாக்கப் போட்டுவிட்டு விளையாட ஓடிவிடுகிறாள். அங்கே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தபடி, எங்கோ கேட்கும் மகளின் குரலைக் கேட்டுக்கொண்டே ராஜப்ரியா இங்கே சாப்பிட்டு முடிப்பாள். அழுத காலமே தேவலை என்று தோன்றும்.

சாப்பாட்டு இடைவேளையில் போனை ஹாலிலேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்து திரும்பினாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

ஹாலில் நாகேந்திரன் மட்டும், சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவருடைய லேப்டாப் இன்னும் புரொஜக்டரில்தான் இருந்தது. அதை மறந்துவிட்டார் போலிருக்கிறது. சுவரில் அட்டவணைகள் சரியாக இணைந்தன. மாத வாரியாக விற்பனை எழுந்தது. பஞ்சுச் செலவு வேறு நிறத்தில் பக்கத்தில் வந்து நின்றது. ஒரு தயக்கம் இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை. அவள் செய்வதைவிட அழகாக இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், பிறகு ஒவ்வொன்றாக அழித்தார்.

"எப்பண்ணே கத்துக்கிட்டீக?"

துள்ளித் திரும்பினார். அவள் பார்வை போன இடத்தில் சுவரைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

"மொத வாரமே வந்துருச்சும்மா."

"அப்பறம் எதுக்கு இந்தக் கூத்து?"

"நீ எதுக்கு இங்கன கெடக்க? தெரிஞ்சதுனாலதான?"

அவள் உள்ளே வந்து மேஜையில் கிடந்த தன் போனை எடுத்துக்கொண்டாள்.

"எம் பொண்டாட்டி சேலத்துல நர்சு. அங்குட்டு இருக்க யூனிட்டுக்கு மாத்திக் குடுங்கன்னு போன வருசமே கேட்டுட்டேன். மாசம் ஒருக்கா போறேன் தாயி. எங்க வீட்டு நாயே என்னயப் பாத்துக் கொலைக்குது." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "நான் தேறிட்டா நீ போயிருவ. பெறகு என்னய விடுவாகளா?"

"எம் மக என்னய மறந்துக்கிட்டு இருக்காண்ணே."

"தெரியும்." குனிந்துகொண்டார். "ஜி.எம். கிட்டச் சொல்லணும்னா சொல்லிரு. இல்லேன்னு சாதிக்க மாட்டேன்."

அவர் எதிர்த்துத் திட்டியிருந்தாலாவது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவரை வெறுக்க முயன்றாள். சொந்த வீட்டு வாசலில் பையோடு நின்று நாயை அதட்டும் ஆள்தான் கண்ணுக்குள் வந்தார்.

செருப்புச் சத்தம் கேட்டது. சொக்கலிங்கம் பல் குத்திக்கொண்டே உள்ளே வந்தார். பின்னால் சேவுகப்பெருமாள்.

"என்னம்மா, நம்மாளு தேறுவாரா? இல்ல, இந்த வருசமும் நீதானா?"

நாகேந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அவள் பக்கம் திரும்பவே இல்லை. ராஜப்ரியா வாயைத் திறந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஷிப்ட் முடியும் சங்கு ஊதியது. ஹால் முழுக்க அதிர்ந்தது. சொக்கலிங்கம் காதருகே கையைக் குவித்து, சத்தம் அடங்கட்டும் என்பதுபோல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஜன்னலுக்கு வெளியே உச்சிவெயிலில் பெண்கள் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி நின்று, முன்னால் போனவளின் தோளைப் பிடித்து நிறுத்தி, அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சைப் பொறுமையாக எடுக்கத் தொடங்கினாள். சங்கு இன்னும் ஊதிக்கொண்டிருந்தது.