அக்கா பெயர்த்துப்போன பாப்பி

அம்மா விதைத்த பாப்பிப் பூச்செடியை அக்கா பெயர்த்துக்கொண்டு போன நாளோடு எங்கள் பேச்சு நின்றது. இரண்டு வருஷம் ஆகிறது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தால் லேசில் இறங்காது.

விதைத்த காலை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. விதையா அது, மூக்குப்பொடி! வெளிச்சம் பட்டால்தான் முளைக்குமாம். சமையலறை ஜன்னலுக்குக் கீழே மண்ணைச் சமன் செய்து, மேலாகத் தூவி, மூடாமல் விட்டாள் அம்மா. நானும் அக்காவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டிருந்தோம்.

“தும்மினே, தொலைச்சுடுவேன்” என்றாள் அம்மா என்னிடம். அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

முதல் வருஷம் வெறும் இலைதான், சொரசொரவென்று. களை என்று பிடுங்கப் போய் அம்மாவிடம் அடி வாங்கினேன். மறுவருஷம் பூத்தது பாருங்கள், அப்படியொரு சிவப்பை அப்புறம் நான் பார்க்கவில்லை. பிறகு ஒவ்வொரு கோடையிலும் காய்ந்து காணாமல் போகும், வெயில் தணிந்ததும் தழைக்கும். அந்த நாட்களை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது.

அம்மா போனபின் அக்கா மண்வெட்டியோடு வந்தாள்.

“உனக்கு வீடு இருக்கு. எனக்கு இந்தச் செடியாவது வேணும்டா.”

“அதை இடம் மாத்தினா பிழைக்காதுக்கா!”

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆணிவேர் பாதியில் முறிந்தது. “இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே” என்று கத்திவிட்டு, குழியைக் காலாலேயே மூடினேன். அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

போன வாரம் தையல்கடைக்குக் கிளம்பும்முன் அந்த ஜன்னலைச் சாத்தப் போனேன். கீழே மூன்று மொட்டுகள். மண்ணில் தங்கிய வேர்த்துண்டு முளைத்திருக்கிறது.

பீற்றிக்கொள்ளத்தான் அக்காவுக்கு போன் செய்தேன், பொய் சொல்வானேன்.

“உன் செடி எப்படி இருக்கு?”



“பத்து நாள்கூடத் தாங்கலடா. உங்கிட்ட சொல்ல வெட்கமா இருந்துச்சு.”

குத்திக்காட்ட வைத்திருந்த வார்த்தையெல்லாம் மறந்தே போனது.

“இங்க சாகலக்கா. நீ விட்டுட்டுப் போன வேர் மொட்டு விட்டிருக்கு. ரெண்டு நாள்ல பூத்துடும்.”

மறுமுனையில் விசும்பல் கேட்டது. பிறகு, மிகவும் தயங்கி, “நான் வரலாமாடா?” என்றாள்.

அவள் பிறந்து வளர்ந்த வீட்டுக்கு வர, என்னிடம் அனுமதி கேட்கிறாள். அவமானத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அழுவது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். “சரிடா, கிளம்பிட்டேன்” என்றாள்.