கிரேனில் ஏறுமுன் ஒரு மாத்திரை

இரும்பு உத்தரம் அந்தரத்தில் தொங்கும்போது வயிறு பிசைய ஆரம்பித்தது. கிரேன்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார். சுமை தொங்கும்போது இருக்கையை விட்டு எழக்கூடாது, கீழே ஆட்கள். உத்தரத்தைப் பதமாக இறக்கிவைத்துவிட்டு ஏணியில் விழுந்தடித்து இறங்கினார். கழிவறைக் கதவைச் சாத்திய பிறகுதான் உயிர் வந்தது.

வெளியே இன்ஜினியர். அடிக்கடி இறங்குவது போன் பேசத்தான் என்று அவரிடம் புளுகியிருந்தார் கிரேன்காரர். வயிற்றுப்போக்கு என்று சொல்ல வெட்கம். இனி ஒரு தடவை வேலை நின்றால் இருக்கையில் வேறு ஆள் உட்காருவான் என்று கறாராகச் சொல்லிவிட்டார் இன்ஜினியர்.

அன்றே மனைவி குடல் டாக்டரிடம் இழுத்துப் போனாள். ஏற்கெனவே எடுத்த ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் சுத்தம்.

“அப்போ நான் நடிக்கிறேனா டாக்டர்?”

நடிப்பில்லை, ‘இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்’ என்று பெயருள்ள குடல் தொல்லை என்றார் டாக்டர். என்ன மாத்திரை விழுங்குகிறார் என்று கேட்டார். மனைவி பையிலிருந்து அட்டையை எடுத்து வைத்தாள். ஆன்டிபயாடிக். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவள் தம்பியின் உபயம். ஒரு முறை வயிறு கெட்டபோது அதில் குணமானதாம். அன்றிலிருந்து, வயிறு கொஞ்சம் முணுமுணுத்தாலே, கிரேன் ஏறுமுன் காவலுக்கு ஒன்று.

டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். “திருடனைப் பிடிக்கிறேன்னு ஊரையே காலி பண்ணியிருக்கீங்க. குடல்ல குடியிருக்கிற பாக்டீரியா பெரும்பாலும் நமக்கு உழைக்கிறதுதான். அதுங்க நிலை குலைஞ்சா வாயு, வலி, ஓட்டம்னு வரலாம். இது மட்டும்தான் காரணம்னு சத்தியம் பண்ண மாட்டேன். முதல்ல இதை நிறுத்துங்க.”

சாப்பாட்டையும் மாற்ற வேண்டும், சரியாக மாதக்கணக்கு ஆகலாம், பதற்றமும் குடலைக் கிளறும் என்றார். அதுவரை மேலே உட்கார்ந்து சமாளிக்க முடியாது. இனி மறைத்துப் பயனில்லை என்று கிரேன்காரருக்குப் புரிந்தது.

மறுநாள் காலை இன்ஜினியரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினார்.

“இதுக்கா போன்னு கதை விட்டீங்க? வேற கம்பெனியோட பேரம் பேசுறீங்கன்னுல்ல நினைச்சேன்,” என்றார் இன்ஜினியர். கீழே நின்று கிரேனுக்கு வழி சொல்லும் சைகைக்காரரிடம் கிரேன் லைசென்ஸும் இருந்தது; அவரை மேலே அனுப்பிவிட்டு, அவருடைய வாக்கி டாக்கியைக் கிரேன்காரரிடம் நீட்டினார். டாக்டர் சரியென்று சொன்னதும் இருக்கை மறுபடி கிரேன்காரருக்குத்தான்.

“வயிறு கூப்பிட்டா போங்க. யார்கிட்டயாவது இதைக் கொடுத்துட்டுப் போங்க, அவ்வளவுதான்.”

மதியத்துக்கு முன்னால் வயிறு கூப்பிட்டது. கொக்கி காலியாகும்வரை பார்த்திருந்து, மேஸ்திரியிடம் வாக்கி டாக்கியைக் கொடுத்துவிட்டு, ஓடாமல் நடந்தே போனார்.